பட்டன் அண்ணனும் ஐஸ் மிஷினும்

எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் சாதாரண சுவிட்சைப் பரம்பரை எதிரியாக நினைத்த மனிதர் ஒருவர்தான். இனயம் என்ற கடற்கரை ஊரில் எங்கள் பக்கத்து வீடு. வளைகுடாவில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞானஸ்நானப் பெயர் என்னவோ, ஊருக்கு அவர் பட்டன் அண்ணன்.

எந்த வீட்டில் நுழைந்தாலும் சுவிட்சைப் பிடுங்கிவிட்டு இரண்டு பட்டன் வைத்துவிடுவார். பச்சையை அமுக்கினால், பெட்டிக்குள் ரிலே என்கிற காந்தப் பூட்டு 'டக்' என்று பிடித்துக்கொள்ளும், கையை எடுத்தாலும் ஃபேன் சுற்றும். சிவப்பை அமுக்கினால் விட்டுவிடும். கரண்ட் போனாலும் விட்டுவிடும். தொல்லையே அங்கேதான். கரண்ட் திரும்பி வந்தாலும் அது தானாகப் பிடிக்காது. நாம்தான் எழுந்து போய் மறுபடி அமுக்க வேண்டும். எங்கள் ஊர் கரண்டோ வருவதும் போவதுமாகவே இருக்கும்.

கோயில் மைக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் கரண்ட் போய் வந்தது. ஃபாதர் வாயசைக்கிறார், சத்தம் இல்லை. பின்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து, "பச்சைய அமுக்குங்க ஃபாதர்!" என்று கத்தினார். ஃபாதர் பதற்றத்தில் சிவப்பையே அமுக்கிக்கொண்டிருந்தார். சபை மொத்தமும் "பச்சை! பச்சை!" என்று எழுந்து நின்றது. அன்று பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கடற்கரையில் ஐஸ் உடைக்கிற மிஷின் உண்டு. மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தை உள்ளே தள்ளினால் இரும்புப் பற்கள் தூளாக்கிவிடும். அதற்கும் பட்டன் வைக்க அண்ணன் வந்து நின்றார்.

"எனக்கு வேண்டாம் அண்ணே. வள்ளம் கரையேறுத நேரத்துல ஓடி ஓடி பட்டன் அமுக்க ஒக்குமா?" என்றார் இவர்.

"ஒனக்கு வேண்டாம்டே. மிஷினுக்கு வேணும்."

சொல்லும்போதே சுவிட்ச் அவர் கைக்கு வந்துவிட்டது. மேலே தொங்கும் பல்பின் சுவிட்சை மட்டும் இவர் போராடிக் காப்பாற்றினார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, சாப்பாடு கொண்டு போயிருந்தேன். மீன் குவிந்து கிடக்கிறது, ஐஸுக்கு ஆட்கள் அவசரப்படுகிறார்கள். கரண்ட் போய் மிஷின் நின்றது. பற்களுக்கு நடுவே ஒரு கட்டி சிக்கியிருந்தது. அதை எடுக்க இவர் வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டார். தலைக்கு மேலே பல்பு எரிந்தது, கரண்ட் வந்துவிட்டது.

நான் அலறிய அலறல் குளச்சல் வரை கேட்டிருக்கும். மிஷின் அசையவில்லை. பச்சையை யாரும் அமுக்கவில்லையே! கை முழுசாக வெளியே வந்தது, கட்டியோடு. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், மாதாவைக் கூப்பிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதுவரை அறிந்ததில்லை.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். "நான் அப்பமே சொன்னம்லா" என்று ஆரம்பிப்பார், நாள் முழுக்கக் கேட்கலாம் என்று தயாராக இருந்தேன். ஆனால் விஷயம் தெரிந்ததும் மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏலே மக்கா, மெயினை ஆஃப் பண்ணாம கைய விடுவியா? ரிலே விடாம ஒட்டிப் பிடிச்சிருந்தா, கரண்ட் வந்ததும் மிஷின் தானா ஓடியிருக்குமே, என்ன செய்வ?"

அவ்வளவுதான். அப்படியே மீன்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். இவர்தான் கையை நீட்டித் தூக்கிவிட்டார். அந்தக் கையை அண்ணன் எங்கள் வீட்டு வாசல் வரை விடவேயில்லை. நானும் விடச் சொல்லவில்லை.