பெரம்பலூர் காப்பாற்றிய கடல்

கடலைக் காப்பாற்றிய பெருமை பெரம்பலூரையே சேரும். பெரம்பலூரில் ஏது கடல் என்று கேட்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. 'அகில தேசக் கடல் காப்புக் கழக'த்துக்கு மாவட்டத்துக்கு ஒரு கிளை உண்டு. கடல் இருக்கிறதா என்பது கிளையின் சொந்தப் பிரச்சினை. 2005இல் தலைமையகம் விழா எடுக்கச் சொன்னது. கிளைச் செயலாளர் செல்லக்கண்ணு எடுத்துவிட்டார்.

சிறப்பு விருந்தினர் லப்பைக்குடிக்காடு சாகுல் ஹமீது, சரக்குக் கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். வெறுங்கப்பல் தள்ளாடாமலிருக்க, ஒரு துறைமுகத்துத் தண்ணீரை வயிறு முட்ட ரொப்பிக்கொண்டு போய் இன்னொரு துறைமுகத்தில் கொட்டும். கூடவே அந்நியப் பாசியும் நண்டுக் குஞ்சும் இறங்கி, உள்ளூர் மீன்களின் பிழைப்பில் மண்ணைப் போடும். அந்தத் தண்ணீரைக் கொட்டுகிற வால்வைத் திறப்பதுதான் சாகுலின் வேலை. அழைப்பிதழில் 'கடலியல் வல்லுநர்' என்று போட்டிருந்தார்கள். அவரும் மறுக்கவில்லை; நன்றாகத்தானே இருந்தது!

அவர் சம்பாத்தியம் முழுக்க ஊர் ஏரிக்குக் கீழே நஞ்சையாகக் கிடந்தது. கப்பலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு அதில் பயிர் வைப்பதாக மனைவி பாத்திமா பீவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதையும் மேடையில் சொல்லிவிட்டு, கடைசியாக முழங்கினார்:

"வேத்தூரு உசுரு ஒண்ணு நம்ம தண்ணில எறங்கிட்டா, அப்புறம் வெரட்டவே முடியாதுங்க!"

அந்தக் கைதட்டலோடு அந்நிய உயிர்களைத் தடுக்கும் தீர்மானமும் நிறைவேறியது. அடுத்து செல்லக்கண்ணு நினைவுப் பரிசு கொடுத்தார். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஊதாப்பூ பூத்த ஒரு செடி. சாகுல் குனிந்து பார்த்தார்.

"சார், இது ஆகாயத்தாமரைங்க. வெளிநாட்டுச் செடி. ஏரியில வுட்டா தண்ணியே தெரியாம மூடிடும்."

"பயப்படாதீங்க பாய். நம்ம தீர்மானம் கப்பல்ல வர்றதுக்கு மட்டுந்தான். இது ஜீப்புல வந்தது."

"இந்த ஒண்ணுதானுங்களே?"

"ஒண்ணா? திருமானூரு, செட்டிகுளம், வரதராஜன்பேட்டைன்னு ஊருக்கு ஒரு வாளி அனுப்பியாச்சு. ஏரியில விட்டு போட்டோ எடுத்து அனுப்பினாத்தான் தலைமையகத்துல விழா நடந்ததாக் கணக்கு. உங்க ஊருக்கு மட்டும் ஸ்பெஷல். உங்க பேரைப் போட்டு போன மாசமே விட்டுட்டோம். கரைக்குக் கரை பூத்து நிக்குதாம்!"

சாகுல் கழுத்து மாலையைக் கழற்றி வாளியின் மேல் போட்டார். செத்த வீட்டில் போடுகிற மாதிரியே போட்டார்.

"என்ன பாய், கெளம்பிட்டீங்க?"

"கப்பலுக்குத்தான்."

"விவசாயம் பண்ணப்போறதாச் சொன்னீங்களே?"

"எதுலங்க பண்றது? அங்கயாச்சும் வால்வத் தொறக்கறதுக்கு முன்னாடி கேப்டனக் கேக்கணும் சார். இங்க உங்கள ஏன்னு கேக்க ஒரு ஆளில்ல."