மோர் சிந்தாத டயர்

வளப்பூர் நாடு, கொல்லிமலை.
கார்த்திகை 12.

மகாராஜஸ்ரீ சம்பந்தி காளியண்ணன் அவர்கள் சமுகத்துக்குச் சின்னுசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பெருமாயியும் காரும் சுகம். கார் சுகம் என்பதைத் தெரிவிக்கத்தான் இக்கடிதம்.

வளைகாப்பு முடிந்து எங்கள் பாவாயியை அழைத்துப்போக வந்த அன்று, சம்பந்தியம்மாள் என் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த டப்பாவுல ஏத்துனா கொழந்தை பாதி மலையிலயே பொறந்துருமுங்க. குலுங்காம, சத்தமில்லாம வண்டி கொண்டாங்க, அனுப்பறோம்" என்று சொன்னதில் எனக்குக் கோபம்தான். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால் பெருமாயி எனக்குச் சோறு போடமாட்டாள் என்பதால் கோபத்தை அடக்கிக்கொண்டு நாமக்கல் டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கட்டை கட்டையாய் வெட்டு உள்ளதைக் காட்டி, மலைக்கு இதுதான் பிடிமானம், ஆனால் ஊளையிடும் என்றார். மெல்லிய கோடு போட்டதைக் காட்டி, இது பூனை நடை என்றார். இரண்டையும் தட்டிப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன், கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பூனையையே வாங்கினேன். நேற்று பெருமாயி மடியில் விளிம்பு தட்டும் மோர்க்குடத்தை வைத்து, டிரைவர் மாணிக்கத்தைத் தேவனூர் நாட்டுக்கு ஓட்டச் சொன்னேன். நான் குடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை சம்பந்தி! தூங்கிப்போன பெருமாயி தேவனூரில் கண்விழித்து, "ஏனுங்க, இன்னும் கெளம்பலைங்களா?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டயர் என்றால் இதுவல்லவா டயர். வெள்ளிக்கிழமை வருகிறோம்.

தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் மாப்பிள்ளைக்கும் வணக்கம். என் கண்ணு பாவாயிக்கு அறப்பளீசுவரர் துணை.

இப்படிக்கு,
சின்னுசாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது தேவனூர் மாதன் வந்தார். "வண்டி ஏறி மணி உதிரட்டும்னு ரோட்டுல பரப்புன சாமைக் கதிர்த் தாளுல இன்னும் மணி நிக்குதுங்க. நேத்தாட்டம் இன்னொருக்கா வண்டிய ஓட்டிட்டுப் போங்க சாமி" என்றார். வழிநெடுக நாங்கள் போனது தாள் மெத்தைமேல். மாணிக்கத்தைக் கேட்டால், எனக்குத் தெரியும் என்று நினைத்தானாம். வெறும் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம், மோர் முழுவதும் பெருமாயியின் தலையில். விஷயத்தைக் கேட்ட மாதன், "பாவாயி நம்மூட்டுப் புள்ளைதானுங்க. வெள்ளிக்கிழமை அடிவாரத்துலருந்தே விரிச்சுப் போட்டுர்றோம்" என்று சொல்லி எல்லா ஊருக்கும் ஆள் அனுப்பிவிட்டார். ஆகையால் சம்பந்தி, தயவுசெய்து நாளைத் தள்ளிப்போடாமல் சாமை அறுப்பு முடிவதற்குள் பெண்ணை அனுப்பிவைக்கவும்.