ஏமிக்காகச் சொன்ன இரண்டு 'யெஸ்'

இங்கிலீஷ் இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கியவள் நான். அந்த இங்கிலீஷில் 'யெஸ்' என்ற ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது என்பது, பாளையங்கோட்டையிலிருந்து சான்டா கிளாராவுக்குக் குடிபோன பிறகுதான் தெரிந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் அபார்ட்மெண்டில் அடுத்த வீட்டில் லிண்டா, பெத் என்று இரண்டு பெண்கள். முதலில் அக்கா தங்கை என்றே நினைத்திருந்தேன் (ஜாடை ஒட்டவே இல்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் எல்லாருமே எனக்கு ஒரே ஜாடைதான்). தம்பதி என்று தெரிந்ததும் ஒரு நாள் முழுக்கத் திருதிருவென்று விழித்தேன். மறுநாள் அவர்கள் வளர்த்த மூன்று வயது ஏமி என் சமையலறைக்கு வந்து, "மோர் தோசா" என்று தட்டை நீட்டினாள். அதற்குமேல் விழிக்க நேரம் இல்லை.

ஏமி, அரசாங்கம் அவர்களிடம் வளர்க்கக் கொடுத்திருந்த பிள்ளை. அவளைச் சட்டப்படி தத்தெடுக்க மனுப் போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து தத்தெடுப்பது அன்றைக்குக் கேள்விப்படாத சங்கதி. அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு இருந்தால் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடலாம். லிண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விசாரிக்க வருவார்கள், உள்ளதைச் சொல், போதும்" என்றாள். நானும் சரி என்றேன்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம். அதன் தூண் ஜெபமணி அங்கிள். "பிரேமா, இது வேதத்துக்கே விரோதம். நீ வாயத் திறக்காத. விசாரிக்க யார் வந்தாலும் நானே டீல் பண்றேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

விசாரணை அம்மாள் ஒரு சனிக்கிழமை வந்தாள். வடைக்காக முன்கூட்டியே வந்துவிட்ட அங்கிளும் சோபாவில் இருந்தார். அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டாள்: "இவர்கள் குழந்தை வளர்ப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"யெஸ்!" என்றேன். இல்லவே இல்லை என்று அர்த்தம். நம் ஊரில் அப்படித்தானே? "இன்னும் சாப்பிடலையா?" "ஆமா, சாப்பிடல."

அவள் முகம் சுருங்கியது. "உங்களுக்குத் தொந்தரவாக இல்லையா?"

"யெஸ், யெஸ்! வெரி மச்!" (தலையையும் பலமாக ஆட்டித் தொலைத்தேன்.)

அங்கிளுக்குப் பொறுக்கவில்லை. தாம் சபை மூப்பர் என்று எழுந்து நின்று அறிவித்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள். குழந்தை இவர்களிடமே இருக்க வேண்டாமா?" என்றாள்.

"யெஸ்!" என்று முழங்கினார் அங்கிள். "தௌசண்ட் டைம்ஸ் யெஸ்! பைபிளே சொல்லுது!"

அந்த அம்மாள் முகம் மலர்ந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனாள். எதிரியை விரட்டிய திருப்தியில் அங்கிள் இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே லிண்டா அழுத முகத்தோடு வந்தாள். "உனக்குப் பிடிக்கவில்லை என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நடந்ததை விசாரித்த என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! ஆட்சேபணை இல்லன்னா இங்க 'நோ' சொல்லணும்! நீ இருக்குன்னு சொல்லியிருக்க!"

ஒரு 'யெஸ்'ஸால் ஏமியைத் துரத்தப் பார்த்திருக்கிறேன் என்று புரிந்ததும் அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமை அந்த விசாரணை அம்மாளின் ஆபீஸ் திறந்ததும் போன் போட்டு, நான் சொன்னது தப்பு என்றேன். "அப்படியானால் உங்களுக்கு எதிர்ப்பு இல்லை?" என்றாள் அவள்.

"யெஸ்!" என்றேன்.

என் கணவர் ரிசீவரைப் பிடுங்கி, பொறுமையாக விளக்கினார். பிறகு அதைக் கையால் பொத்திக்கொண்டு, "அங்கிள் 'வேண்டாம்'னு நினைச்சு 'யெஸ்' சொன்னதையும் கரெக்ட் பண்ணிடவா?" என்றார்.

"அங்கிள் மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படிங்க தெரியும்? போன வைங்க" என்றேன்.

தத்து நிறைவேறியது. லிண்டாவும் பெத்தும் ஏமியைக் கூட்டிக்கொண்டு, கேக்கோடு அங்கிள் வீட்டுக்குப் போனார்கள். வழிகாட்ட நானும் போனேன். சபைப் பெரியவரே ஆதரித்தது பெரிய பலமாக இருந்ததாம். அங்கிள் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் ஏமி அவர் மடியில் ஏறி, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், "ஸ்தோத்திரம்" என்று முனகினார். அத்தோடு அந்த 'வேத விரோத'ப் பிரசங்கமும் நின்றது.

ஏமியின் கல்யாணத்தில், எண்பதைத் தாண்டிய அங்கிள் மைக்கை வாங்கி, அன்றைக்கு இந்தப் பிள்ளைக்காகச் சாட்சி சொன்னது தாம்தான் என்று கண்கலங்கினார். உண்மையாகவே கலங்கினார். கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் கையை நீட்டி, "இந்தப் பிரேமாதான் அப்ஜெக்ட் பண்ணினா. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்" என்றார். இன்றுவரை ஏமியின் மாமியார் வீட்டில் என் பேச்சு வந்தால், "யார், அந்த ஆட்சேபணை ஆன்ட்டியா?" என்றுதான் கேட்கிறார்கள்.