பலகையில் விழுந்த அரைப் பேர்

கொழும்பில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை ஜெயரூபன் அவர்களுக்கு,

பூனாகலையிலிருந்து மாமன் வீரய்யா ஆசியுடன் எழுதிக்கொள்வது. உங்கள் சுகமும் என் மூத்த மகள் விஜயலெட்சுமியின் சுகமும் அறிய ஆவல். இங்கே உங்கள் அத்தையும் நானும் நலம், அதாவது உடம்பு மட்டும் நலம். போனில் சொல்வதை விட்டுவிட்டு மாமன் ஏன் பேனா பிடிக்கிறார் என்று நினைப்பீர்கள். போன் உங்கள் கொழுந்தியாள் துஷாந்தினியிடம் இருக்கிறது. இனி அது என் கைக்கு வராது என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறாள்.

அவள் படிக்கிற பாலர் பாடசாலை ஆசிரியர் டிப்ளோமா உங்களுக்குத் தெரியும், சேர்த்துவிட்டதே நீங்கள்தான். எல்லாம் போனில்தான் நடக்கிறது. அதில் கலந்துரையாடல் பலகை என்று ஒன்று உண்டு. பாடம் நடத்துகிற கிருபாகரன் சார் அங்கே ஒரு கேள்வி போடுவார், பிள்ளைகள் கீழே பதில் எழுத வேண்டும். எழுதினால்தான் புள்ளி, புள்ளி இல்லாவிட்டால் சோதனைக்கே விடமாட்டார்களாம். நம் பிள்ளையோ ஒரு வரி எழுதவில்லை. "எல்லாரும் டவுன் ஆளுங்கப்பா, நம்ம தமிழப் பாத்துச் சிரிப்பாங்க" என்கிறாள். அவள் டீச்சராகி நிற்பதைப் பார்க்கத்தான் நானும் உங்கள் அத்தையும் காத்திருக்கிறோம்.

போன வாரம் அவளுக்குக் கால் சுளுக்கிவிட்டது. எங்கள் லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது, மேலே தண்ணித் தொட்டியடியில்தான் கிடைக்கும். "பாடத்த மட்டும் எறக்கிட்டு வாங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று போனை என்னிடம் கொடுத்தாள். நான் தொடவில்லை மாப்பிள்ளை, அது தானாகத்தான் திறந்தது. பார்த்தால் பலகை! சார் கேள்வியைப் போட்டுவிட்டு நிற்கிறார், கீழே ஈ காக்கா இல்லை. எனக்குப் பொறுக்குமா? நான் தேயிலைத் தோட்டத்துல கங்காணியா இருந்தவன். நீங்க பதுளை டவுன்ல பொறந்தவரு, பெரட்டு பாத்திருக்க மாட்டீங்க. காலைல தொர வந்து நிக்கிறப்ப ஆளுங்க களத்துல நிக்கணும், அப்பத்தான் அன்னிக்குப் பேர் போடுவாங்க. பேர் விழுந்தாத்தான் சம்பளம். வேலை கொறஞ்சா அரைப் பேர், பாதிச் சம்பளம். ஆளில்லாத பெரட்டுன்னா மொத வசவு கங்காணிக்கு. கை பரபரன்னு வந்துச்சு, "துஷாந்தினி வந்தாச்சுங்க, பேர் போடுங்க"ன்னு அடிச்சு விட்டுட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. அதப் பாத்துட்டு "ரிஸ்கா வந்தாச்சு", "சஜீவனி வந்தாச்சு"ன்னு மத்த பிள்ளைங்களும் வரிசையா பேர் குடுக்க ஆரம்பிச்சிருச்சுங்க. சார் வந்து, "இது வரவு எடுக்கும் இடமில்லை, கேள்விக்குப் பதில் எழுதுங்கள்"ன்னாரு. அப்பத்தான் கேள்வியையே படிச்சேன். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? இதெல்லாம் ஒரு கேள்வியா மாப்பிள்ள? "அரைப் பேர் போடுங்க சார், மறுநாள் தானா வாய் தொறக்கும்"னு எழுதினேன். பலகை பத்திக்கிச்சு. மொனராகலையில இருக்கிற ரிஸ்கா, "பயந்த பிள்ளைக்குத் தண்டனையா? துஷாந்தினி, உங்களுக்கு மனசே இல்லையா?"ன்னு கேட்டுச்சு. விடுவேனா? "நிறுக்கணும்னா கூடையில கொழுந்து இருக்கணும் மகளே"ன்னேன். "நான் உங்களுக்கு மகளா?"ன்னு அது பாய, ஆளாளுக்குச் சண்டைக்கு வர, கடைசியா சார், "துஷாந்தினி உடனே என்னுடன் பேசவும்"னு எழுதிட்டாரு. நான் போனைப் பொத்திக்கிட்டு எறங்கி ஓடியாந்தேன்.

"பாடம் எறங்கிச்சாப்பா?"ன்னு கேட்டா. பாடம் எங்க எறங்கிச்சு. வாங்கிப் பாத்துட்டு மொகத்த மூடிக்கிட்டு அழுதா. அதப் பாத்து எனக்குச் சோறு எறங்கல மாப்பிள்ள. அடுத்தாளு எழுதினது தெரிஞ்சா பிள்ளையோட பேரையே வெட்டிருவாங்களோன்னு பயமா இருக்கு. இவளோ உள்ளதச் சொல்லிருவேன்னு நிக்கிறா. தயவு பண்ணி நீங்க அந்த சாருக்கு ஒரு போன் கோல் எடுத்து, போனை ஆடு மிதிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. தமிழ் எழுதுற ஆடான்னு கேட்டா, நீங்க படிச்சவரு, சமாளிப்பீங்க.

உங்கள் குடும்பம் மழை கண்ட கொழுந்துபோல் தழைக்க மாரியம்மன் துணை நிற்பாள். இனிப் பலகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்ற உறுதியுடன்,

தங்கள் மாமன்,
வீரய்யா, ஓய்வுபெற்ற கங்காணி

பி.கு.: கடிதம் ஒட்டப் பசை தேடுறதுக்குள்ள துஷாந்தினி நொண்டிக்கிட்டே தொட்டியடிக்குப் போயிட்டு வந்துட்டா. சாருக்குக் கோல் எடுக்க வேணாம், ஆட்டையும் மறந்துருங்க. "அதையெல்லாம் எழுதியது என் அப்பா. அந்த வாய் திறக்காத பிள்ளை நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்தேன்"னு அவளே எழுதிட்டா. கீழ சஜீவனி, "நானும்தான்"னு எழுதியிருக்கு. சார் நம்ம பிள்ளைக்கு இந்த வாரம் முழுப் புள்ளி போட்டுட்டு, "அப்பாவை இனிப் பலகைக்கு அனுப்ப வேண்டாம்"னு சொல்லியிருக்காரு. அத எனக்கு வாசிச்சுக் காட்டி வாசிச்சுக் காட்டிச் சிரிக்கிறா. எனக்கும் சந்தோசந்தான். ஆனாலும் மாப்பிள்ள, ஆளில்லாத பெரட்டுல மொத ஆளா போய் நின்னவன் நான். எனக்கு ஒரு அரைப் பேராவது போட்டிருக்கலாம்.