என் காதில் கலப்படம் வேண்டாம்

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம், என் தலையைத் தவிர. நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஹெட்போனை அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கோபமெல்லாம் இல்லை. பாட்டு கேட்காமல் எனக்குப் பொழுது போகாது என்பது உங்களுக்கே தெரியும், மனசு கஷ்டப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னுடைய பழைய பாட்டுகளைப் போட்டால் பாடுகிறவர் முழுக்க இடது காதில், வயலினும் டிரம்மும் வலது காதில். அவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு காதுக்குள்ளேயே கத்துகிறார். வலது காது போய்விட்டது என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். இரண்டு காதும் அருமையாக இருக்கிறது என்று அவர் சிரித்துவிட்டார். சரியென்று ஹெட்போனை மாற்றி மாட்டினேன், பாடகர் அந்தப் பக்கம் குடிபோனார், அதனால் சரணத்துக்கு ஒருதரம் கழற்றித் திருப்பி மாட்ட ஆரம்பித்தேன், மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது, தலை விண் விண்ணென்று தெறிக்கிறது.

உங்கள் மாமியார் பயந்துபோய் மகளுக்கு போன் போட்டாள். அவள் விளக்கினாள்: ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு பக்கச் சத்தமும் இரண்டு காதுக்கும் வருமாம், ஹெட்போனில் அது நடக்காதாம். போனில் கிராஸ்ஃபீட் என்று ஒன்றைத் தட்டிவிட்டால் இடது பக்கத்தில் கொஞ்சம் வலதிலும், வலதில் கொஞ்சம் இடதிலும் கலந்து தலைவலி வராதாம்.

கலக்குவதாவது! நான் உணவுக் கலப்பட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் மாப்பிள்ளை. எண்ணெயை மோந்து பார்த்தே கடைக்காரனை வேர்க்க வைத்தவன். என் தலைக்குள்ளேயே கலப்படமா, முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு உங்கள் மாமியார், "டீத்தண்ணியையும் பாலையும் இத்தனை நாளா தனித்தனியாத்தான் குடிச்சீங்களா?" என்று கேட்கிறாள். இந்த வீட்டில் என் உத்தியோகத்துக்கு இருக்கிற மரியாதை இவ்வளவுதான்.

ஆகவே அதை மறக்காமல் எடுத்துப் போங்கள். நீங்களும் மகளும் நோய்நொடி, சண்டை சச்சரவு இல்லாமல் காதும் மனசும் குளிர இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: ஹெட்போனை எடுக்க வர வேண்டாம். கடைசியாக ஒருதரம் கேட்டுவிடலாம் என்று அதை மாட்டிக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். பாடகர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்று பாடுகிறார், தலைவலியைக் காணோம். திருப்பி அனுப்புகிறேன் என்றதும் ஹெட்போன் பயந்துவிட்டது என்றே நினைத்தேன். இப்போதுதான் உங்கள் மாமியார் எட்டிப் பார்த்து, "நேத்தே கலந்து வச்சுட்டேன், ஆய்வாளருக்குத் தெரியலையா?" என்கிறாள். என் பழைய ஆபீஸ் ஆட்கள் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லிவிடாதீர்கள்.