நாற்பது பேரில் நான் ஒருத்தி மட்டும் கண்டது

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
ஓகஸ்ட் 24

இயேசுவில் அன்பான தங்கச்சி யோசெப்பினுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மன்னாரில் நீயும் என் பெறாமக்களான உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் போன கடிதத்தில் திகதியே இல்லை. கொன்வென்றில் நம்மை அப்படி வளர்க்கவில்லை. போகட்டும்.

நான் அலாஸ்காவுக்குப் போய் வந்தேன். அங்கே மலையிலிருந்து இறங்கி வருகிற பனி கடலோரத்தில் சுவராக நின்று, துண்டு துண்டாக உடைந்து தண்ணீரில் விழுமாம். படகில் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மகன் நிஷானுக்கு டோர்வலில் விமானக் கொம்பனி வேலை என்பதால் சலுகை ரிக்கற் கிடைக்கும். என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னான். நானும் கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். புறப்படுகிற அன்று பார்த்தால் விமான நிலையத்தில் எனக்கு முன்னே செலீன் நிற்கிறாள்! எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி. என்னவர் அருமைராசா தவறிய அதே மாதத்தில் தன் புருசனையும் இழந்து, கோயிலில் எனக்குக் கிடைக்கவேண்டிய அனுதாபத்தில் பாதியை வாங்கிக்கொண்டவள். "அன்ரியும் தனிய இருக்கிறா அம்மா, உங்களுக்கும் கதைக்க ஆள் வேணும்தானே" என்கிறான் என் வயிற்றில் பிறந்தவன். பிறந்தநாள் எனக்கா, செலீனுக்கா?

படகில் ஏறியதிலிருந்து அவள்தான் ராணி. நான் நல்ல இங்கிலிசில் மாலுமியிடம், எத்தனை மணிக்கு உடையும் என்று மரியாதையாகக் கேட்டேன், கையை விரித்தார். எட்டாம் வகுப்போடு நின்ற செலீன் மொன்றியல் பிரெஞ்சில் "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று இரண்டு தரம் சொன்னாள். உடனே அந்த மனுசன் தன் பைனாகுலரைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டார். நிஷான் முதலில் அவளுடைய குளிர் ஜாக்கெற்றைப் பூட்டினான், பிறகுதான் என்னுடையது. அதுவும் சிப் பாதியில் இறுகிவிட்டது. பனிச்சுவருக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றோம். ஒரு துண்டும் விழவில்லை. நாற்பது பேரும் போனைத் தூக்கிப் பிடித்தபடி. "இப்பிடி எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டா பசுவே கண்டுக்குட்டி போடாது தம்பி, பனி போடுமே?" என்றாள் செலீன். நிஷான் அதை மொழிபெயர்க்க, படகே குலுங்கிச் சிரித்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செபமாலையை எடுத்தேன். என்ன கருத்துக்குச் செபித்தேன் என்பது மாதாவுக்கும் எனக்கும் இடையில்.

பிறகு குளிர் தாங்காமல் எல்லாரும் சூப் குடிக்க உள்ளே போனார்கள். செலீனும் போனாள், நிஷானுக்குப் பக்கத்துக் கதிரை அவளுக்குத்தானே. நான் கோபத்தோடு பின்பக்கம் தனிய நின்றேன். அப்போதுதான், தங்கச்சி, ஒரு கோயில் முகப்பளவு பனி சத்தமே இல்லாமல் சரிந்தது. விழுந்து முடிந்த பிறகுதான் இடி வந்தது. உடைந்த இடத்தில் ஒரு நீலம்; மாதா சொரூபத்துக்குக்கூட அப்படி ஒரு நீலம் யாரும் பூசியதில்லை. அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது, உள்ளே சூப்பெல்லாம் மடியில். அவர்கள் ஓடி வந்தபோது தண்ணீரில் ஐஸ் துண்டுகள்தான் மிதந்தன. நாற்பது பேரில் நான் ஒருத்திதான் கண்டேன். கடவுள் நீதியுள்ளவர்.

இதை அங்கே எல்லாருக்கும் சொல்லு. பேரப்பிள்ளைகளுக்கு என் பெயரால் நெற்றியில் சிலுவை போட்டுவிடு. அந்தோனியார் உங்கள் வாசலில் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
திருமதி றெஜினா அருமைராசா

பி.கு.: ஒட்டின உறையைத் திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். செலீன் உள்ளே இருக்கேல்லை. எனக்குச் சூப் கொண்டுவந்து பக்கத்திலை நிண்டவ. "அக்கா, அங்கை!" எண்டு அவ கத்தினபடியால்தான் நான் திரும்பினனான். அலை அடிக்கேக்கை இரண்டு கையாலும் என்னைப் பிடிச்சிராட்டி நான் கடலுக்குள்ளை. மொன்றியலுக்குத் திரும்பி வந்து ஞாயிறு பூசை முடிய அவ எல்லாருக்கும், "நானும் றெஜினா அக்காவும் கண்டனாங்கள்" எண்டு சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்தினம். அவவுக்குப் பங்கு குடுக்க மனமில்லாமல் நான், "நான் ஒண்டும் காணேல்லை, செலீனும் உள்ளுக்கை இருந்தவ" எண்டு சொல்லிப்போட்டன். கோயில் வாசலிலை, தங்கச்சி! நிஷான் அண்டைக்கு வேலை, மறுத்துச் சொல்ல ஆளில்லை. அவ, "அப்ப என்ரை கண்தான் பிழை போல" எண்டிட்டு பஸ்ஸுக்கு நடந்திட்டா. காணேல்லை எண்டு சொன்னவள் இனி மொன்றியலிலை அந்த நீலத்தைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறது? மேலே எழுதினதை ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்டாதை. நான் இப்ப நாலாம் மாடிக்குப் போறன். மன்னிப்புக் கேக்கிறதெல்லாம் பேந்து. முதல் அந்த நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்; அதுக்கு இந்த ஊரிலை அவவை விட்டா எனக்கு ஆளில்லை.