நீர்நாய் கயற்கண்ணி ‘மற்றவர்’ ஆன கதை

ஒரு காட்டில் எப்போதும் இரண்டே கட்சிகள்தான் இருந்தன. நம் பக்கத்துக் காடு இல்லை அது. விமானத்தில் இருபது மணி நேரம் கால் மரத்துப்போக உட்கார்ந்து, இறங்கியதும் கைரேகை வைத்து, ‘எதற்கு வந்தாய்?’ என்று மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு நுழையவேண்டிய அமெரிக்கக் காடு. அங்கே உள்ளவர்களுக்கெல்லாம் நம் வாயில் நுழையாத பெயர்கள். நம் வசதிக்கு நம்மூர்ப் பெயர்களையே வைத்துக்கொள்வோம்.

ஒரு கட்சிக்கு யானை தலைவர். இன்னொரு கட்சிக்குக் கழுதை. நாலு வருடத்துக்கு ஒரு முறை இருவரும் அதிபர் பதவிக்கு மோதுவார்கள். நம் ஊரில் தேர்தலில் நிற்பார்கள், அங்கே ஓடுவார்கள். சும்மா இல்லை, ஒன்றரை வருடம் ஓடுவார்கள். ஓடி முடித்ததும் ஜெயித்தவர் மாளிகைக்குள் போய் உட்காருவார். தோற்றவர் புத்தகம் எழுதுவார். காட்டில் மீதி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தக் காட்டின் தெற்கு ஓரத்தில் ஈச்சங்குட்டை என்று ஒரு குட்டை. அதில் கயற்கண்ணி என்ற நீர்நாய் தன் நாலு குட்டிகளோடு குடியிருந்தாள். அவள் புருஷன் ஒரு மழைக்காலத்தில் ஆற்றோடு போனவன், இன்னும் திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. மீன் பிடிப்பாள், குட்டிகளை அதட்டுவாள், மத்தியான வெயிலில் மல்லாந்து மிதப்பாள். அரசியல் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

பக்கத்துத் தாமரை இலையில் பேச்சிமுத்து என்ற தவளை. வயதில் மூத்தவர், வாய் ஓயாதவர். இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஜீவன் அவர்தான். ஒரு நாள் காலையில் அவர் பேச்சு திடீரென்று நின்றுபோனது. கயற்கண்ணி பயந்துவிட்டாள்.

“என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா?”

“எனக்கு ஒண்ணுமில்ல தாயி. யானை அறிக்கையில நாப்பதாம் பக்கம், ‘அதிபர் நீராடுவதற்காக ஈச்சங்குட்டைக்கு வேலி போட்டுப் பாதுகாப்போம்’னு போட்டிருக்கு.”

“அப்ப கழுதைக்கு ஓட்டுப் போடுவோம்.”

“கழுதை அறிக்கையிலயும் இருக்கு. ‘ஈச்சங்குட்டையைப் பாதுகாத்து வேலி போடுவோம்.’”

கயற்கண்ணி குட்டிகளைப் பார்த்தாள். வேலி வந்தால் குட்டிகளோடு எங்கே போவாள்? ஆறு மூன்று நாள் நடை. கடைசிக் குட்டிக்கு இன்னும் ஒழுங்காக நீந்தவே வரவில்லை.

யானையின் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள். “இது கழுதை செய்த சதி, அங்கே கேள்” என்றார்கள். கழுதையின் அலுவலகத்துக்குப் போனாள். “எல்லாம் யானையால் வந்த வினை, அங்கே கேள்” என்றார்கள். இரண்டு இடத்திலும் கையில் ஒரு கொடியைக் கொடுத்து அனுப்பினார்கள். குட்டிகள் அவற்றைத் தலை துவட்டப் பயன்படுத்திக்கொண்டன.

“அப்ப நானே ஓடறேன்” என்றாள் கயற்கண்ணி.

“ஜெயிச்சுருவியா தாயி?”

“ஜெயிக்கவா ஓடறேன்? ரெண்டு பேரும் விவாத மேடையில ஏறுவாங்கல்ல, காடே பார்க்கும். அங்க நின்னு, ‘என் குட்டைக்கு வேலி போடாதீங்க’ன்னு ஒரு வரி சொல்லணும். அவ்வளவுதான்.”

ஒரு வரிதான். ஆனால் அதற்கு முன்னால் படிவங்கள் இருந்தன.

தேர்தல் அலுவலகத்தில் மரங்கொத்திதான் எழுத்தர். எதைக் கேட்டாலும் முதலில் மூன்று முறை கொத்திவிட்டுத்தான் பதில் சொல்வார். யானைக்கும் கழுதைக்கும் போன தேர்தலிலேயே ஓட்டுச்சீட்டில் பெயர் அச்சாகிவிட்டது. புதிதாக வருபவர் மட்டும் ஆயிரம் கால்தடம் வாங்கி வரவேண்டும் என்றார். கயற்கண்ணி பத்து நாள் வெயிலில் அலைந்து ஆயிரம் தடம் வாங்கினாள். அதில் நானூறு தவளைத் தடங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று மரங்கொத்தி தள்ளினார். மறுபடி அலைந்தாள். கடைசியாக வேட்பாளரே தடம் வைக்கவேண்டிய கட்டத்தில் அவள் கால் வைத்தாள். ஈரக் கால். எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் தடம் காய்ந்து மறைந்துவிட்டது.

“இங்கே ஒன்றும் இல்லையே?”

“இப்பதான் வெச்சேன் சார்!”

“வைத்தது எனக்குத் தெரியாது. இருப்பதுதான் தெரியும்.”

அன்று முழுவதும் குட்டைப் பக்கமே போகாமல், வாசலில் வெயிலில் காலை நீட்டிக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, சாயங்காலம் அலுவலகம் மூடும் நேரத்தில் தடம் வைத்தாள். நீர்நாய்க்கு அதுபோல் ஒரு கொடுமை இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கால் நனைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

ஒரு வழியாகப் பெயர் ஏறியது. அடுத்தது விவாத மேடை. கருத்துக்கணிப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேர் ஆதரவு இருந்தால்தான் மேடையேறலாம் என்பது விதி. கணிப்பு எடுப்பவை காகங்கள். கிளை கிளையாகப் போய், “யானையா? கழுதையா? மற்றவரா?” என்று கேட்டுவிட்டுப் பறந்தன. மறு வாரம் முடிவு வந்தது. யானை நாற்பத்தொன்று. கழுதை நாற்பத்திரண்டு. மற்றவர் பதினேழு.

கயற்கண்ணி குதித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். “சார், பதினேழு! மேடையில எனக்கு எந்தப் பக்கம்?”

மரங்கொத்தி மூன்று முறை கொத்தினார். “உங்கள் பெயர்?”

“கயற்கண்ணி.”

“கயற்கண்ணிக்குப் பதினேழு என்று எங்கேயும் இல்லையே. மற்றவருக்கு என்றுதான் இருக்கிறது.”

“யானை, கழுதை, அவங்களை விட்டா ஓடறது நான் ஒருத்திதானே சார்? அப்ப அந்த மற்றவர் நான்தானே?”

“அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? மற்றவர் நேரில் வந்து அடையாள அட்டையைக் காட்டினால் மேடையேற்றச் சொல்லி உத்தரவு இருக்கிறது. இரண்டு நாளாக நாற்காலி போட்டுக் காத்திருக்கிறோம். அவர்தான் வரவில்லை.”

கயற்கண்ணி அந்த நாற்காலியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “பெயர் மாத்தற படிவம் எங்க சார் கிடைக்கும்?”

“இதே ஜன்னல்தான்” என்றார் மரங்கொத்தி, முதல் முறையாகக் கொத்தாமல்.

மறுநாள் காட்டின் அரசிதழில் அறிவிப்பு வந்தது. ‘ஈச்சங்குட்டையில் வசிக்கும், இதுவரை கயற்கண்ணி என்று அழைக்கப்பட்டு வந்த நான், இன்று முதல் மற்றவர் என்றே அழைக்கப்படுவேன்.’

“இந்தக் கூத்து எங்கயாச்சும் உண்டா தாயி?” என்று பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். “உங்கம்மா ஆசையா வெச்ச பேரு.”

“அம்மா வெச்ச பேரு கூப்பிடறதுக்கு அண்ணாச்சி. இது படிவத்துக்கு.”

விவாத நாள் வந்தது. காடே திரண்டிருந்தது. நடுவர் மைனா. யானை இடது பக்கம், கழுதை வலது பக்கம், மற்றவர் ஓரத்தில், ஒரு மரக்கட்டை மேல்.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது: “ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது.”

கயற்கண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதுதான் புரிந்தது, எந்தப் பெயரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று. யானை பேசினார், மற்றவர் வாய் மூடி இருந்தாள். கழுதை பேசினார், மற்றவர் வாய் மூடி இருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்போதும் விதி விதிதான். ஒரு மணி நேரம் போய்விட்டது. கூட்டத்தில் முன்வரிசையில் நாலு குட்டிகளும் வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

முடிகிற நேரத்தில் யானை உணர்ச்சிவசப்பட்டார். துதிக்கையைத் தூக்கி, “எனக்கென்று என்ன இருக்கிறது? என் வாழ்க்கையே மற்றவருக்காகத்தான்!” என்றார்.

கயற்கண்ணி கட்டையின் மேல் எழுந்து நின்று கைகூப்பினாள். “ரொம்ப நன்றிங்க ஐயா. அப்படின்னா என் குட்டைக்கு வேலி போடாதீங்க.”

காடே சிரித்த சிரிப்பில் மைனா மேடையிலிருந்து விழுந்தது. யானைக்கு முகம் தொங்கிவிட்டது. கழுதை சும்மா இருப்பாரா? கிடைத்ததடா வாய்ப்பு என்று பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நான் இவரைப் போல வாய்ப்பேச்சு பேசமாட்டேன். இதோ காடறியச் சொல்கிறேன். மற்றவரைக் கேட்காமல் ஈச்சங்குட்டையில் ஒரு முள்ளைக்கூட நடமாட்டேன்!”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குதித்தன. கயற்கண்ணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு வரி சொல்ல வந்தாள், சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் போன இடமெல்லாம் மரியாதைதான். முயல், “மனசு முழுக்க உங்களுக்குத்தாங்க. ஓட்டு மட்டும் கழுதைக்கு. யானை வந்துரக்கூடாது பாருங்க” என்றது. அணில், “என் மனசும் உங்களுக்குத்தான். ஓட்டு யானைக்கு. கழுதை வந்தா தாங்காது” என்றது. இப்படியே காடு முழுவதும் மனசைக் கொடுத்தது. மனசை எண்ணுவதற்கு எந்தக் காட்டிலும் பெட்டி வைப்பதில்லை.

ஓட்டுப்போடும் நாளில் கயற்கண்ணியும் மறைவுக்குள் போனாள். சீட்டில் மூன்று பெயர். தன் பெயரின் மேல் காலைக் கொண்டுபோனாள். அப்போது ஒரு யோசனை வந்தது. எப்படியும் தான் ஜெயிக்கப் போவதில்லை. யானை வந்தால் வேலி நிச்சயம். கழுதையாவது வாக்குக் கொடுத்திருக்கிறார். தனக்கு வேறு யாராவது ஒருத்தர் போடாமலா இருப்பார்கள்? காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அந்தக் காட்டில் முதலில் ஓட்டை எண்ணுவார்கள், பிறகு மரங்களை எண்ணுவார்கள், இரண்டையும் கலந்து ஒரு பெயரைச் சொல்வார்கள். ஏன் அப்படி என்று கேட்டால், முன்னோர் எழுதி வைத்தது என்பார்கள். நல்ல வேளையாக அந்த முறை இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. கழுதை ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். மற்றவர், பூஜ்யம்.

குட்டைக்கரையில் பேச்சிமுத்து அவளையே பார்த்தார். “தாயி, நீ கூடவா உனக்குப் போடல?”

“நீங்க, அண்ணாச்சி?”

பேச்சிமுத்து வாழ்க்கையில் இரண்டாம் முறையாகப் பேச்சை நிறுத்தினார்.

“போகுது விடுங்க” என்றாள் கயற்கண்ணி. “நம்ம கழுதைதானே. கேட்காம வேலி போடமாட்டேன்னு சொல்லியிருக்காரு.”

பதவியேற்ற மூன்றாம் நாள் வேலி வந்தது.

கயற்கண்ணி மாளிகைக்கு ஓடினாள். “ஐயா, மற்றவரைக் கேட்காம ஒரு முள்ளுகூட நடமாட்டேன்னீங்களே! என்னைக் கேட்கவே இல்லையே!”

கழுதை அன்பாகத்தான் பேசினார். “கேட்டேனம்மா. நான் ஒருவன் முடிவெடுத்தால் அது ஜனநாயகமா? மாளிகையில் என்னைத் தவிர மற்றவர் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் கழுதைகள். ஒருவர் விடாமல் கேட்டேன். எல்லாருக்கும் பூரண சம்மதம்.”

அவள் குட்டைக்குத் திரும்பினாள். வேலிக்கு வெளியே குட்டிகள் நாலும் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தன. வாசலில் ஒரு காவல் கழுதை. அதன் தலைக்கு மேல் புதுப் பலகை, பெயின்ட் வாசனை போகவில்லை: ‘அனுமதி பெற்றவர் தவிர மற்றவர் உள்ளே வரக்கூடாது.’

“பார்த்தியா தாயி!” என்றார் பேச்சிமுத்து. “பேரைப் போட்டுல்ல விரட்டுதான்! அந்தப் பேரு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்.”

கயற்கண்ணியும் அழத்தான் போனாள். பலகையை இன்னொரு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு கிளம்பினாள்.

“எங்க போற?”

“ஜன்னல் மூடறதுக்குள்ள வந்துடறேன். குட்டிங்களைப் பார்த்துக்குங்க.”

இந்த முறை போகும்போதே கால் காய்ந்துதான் இருந்தது. அது ஒன்றுதான் வேலியால் வந்த நன்மை. மரங்கொத்தி அவளைப் பார்த்ததும் கேட்காமலேயே படிவத்தை எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை, அடையாள அட்டையோடு வாசலில் வந்து நின்றாள். காவல் கழுதை அட்டையை வாங்கிப் பார்த்தது. பெயர்: அனுமதி பெற்றவர். தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தது. மறுபடி அட்டையைப் பார்த்தது. நிமிர்ந்து ஒரு சலாம் வைத்து வழிவிட்டது.

“இந்தக் குட்டிங்க?” என்று கேட்டது.

“நான் பெற்றவை” என்றாள்.

காவல் கழுதை யோசித்துப் பார்த்தது. அதற்கும் சட்டத்தில் தடை எதுவும் தென்படவில்லை. நாலும் வரிசையாக உள்ளே போய்த் தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தன. இரண்டு வாரம் கழித்து அதிபர் நீராட வந்தபோது, நடுக்குட்டையில் யாரோ மல்லாந்து மிதப்பதைக் கண்டு, “யார் அது?” என்று அதட்டினார்.

“அனுமதி பெற்றவர்தான், ஐயா” என்றது காவல்.

“அப்போ சரி” என்றார் அதிபர். கயற்கண்ணியின் தூக்கம் கலையாதபடி ஓரமாகக் குளித்துவிட்டுப் போனார்.

நீதி: அதிபரை மாற்றப் போகிறவர் கரையிலேயே நிற்பார், பெயரை மாற்றிக்கொள்கிறவர் குளித்துவிட்டு வருவார். படிவத்தை இரண்டு பிரதிகளில் நிரப்பவும். காலைத் துடைத்துவிட்டுத் தடம் வைக்கவும்.